உல்லாசக் கப்பல்கள் மீண்டும் எப்படி நிரம்பின?

கொவிட் காலத்தில் வெறிச்சோடிப் போன உல்லாசக் கப்பல்கள் 2023ஆம் ஆண்டில் 2019ஐயும் விஞ்சி நிரம்பிவிட்டன. சுகாதார விதிகள் தளர்ந்ததும் மக்களின் பயம் தெளிந்தது, பயம் தெளிந்ததும் கப்பல் நிரம்பியது என்று இதற்கு எளிதாக ஒரு காரணம் சொல்லப்படுகிறது. இலங்கையின் மலையகத்தில் உள்ள பண்டாரவளையில் இருந்துகொண்டு, அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் இறங்கும் கப்பல் பயணிகளை மலைக்கு ஏற்றி வரும் வாகனங்களையும் வழிகாட்டிகளையும் ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில். ஆகவே எந்த விதி நீங்கியபோது எத்தகைய பயணி திரும்பி வந்தார் என்பதைக் கவனிக்காமல், அடுத்த பருவத்துக்கு எத்தனை வான்களைப் பேசி வைப்பது என்று என்னால் தீர்மானிக்க முடியாது. நான் கவனித்தவரையில் பயம் தெளிந்தது என்பது பாதிக் காரணந்தான். வருவதற்கு மனமும் பணமும் இருந்தும் பயணத்தைத் திட்டமிட முடியாமல் நின்றவர்களே அதிகம். விதிகள் நீங்கியபோது முதலில் ஓடி வந்தவர்களும் அவர்களே.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் பயணிகளும் பணியாளர்களுமாக 3,711 பேர் இருந்தார்கள். அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. அடுத்த மாதம் சிட்னியில் ரூபி பிரின்சஸ் கப்பலிலிருந்து சுமார் 2,700 பயணிகள் தடையின்றி இறக்கிவிடப்பட்டு, அதனால் நோய் பரவியது பெரும் சர்ச்சையாயிற்று. நம்முடைய கடலிலும் ஒரு சம்பவம் நடந்தது. உலகச் சுற்றுப் பயணத்தில் இருந்த எம்.எஸ்.சி. மக்னிஃபிகா கப்பல் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் எரிபொருள் நிரப்பக் கொழும்புக்கு வந்தபோது, அதில் இருந்த ஒரேயொரு இலங்கைப் பணியாளரான சமையற்காரர் தம்மைச் சொந்த நாட்டில் இறக்கிவிடும்படி சமூக வலைத்தளத்தில் காணொளி மூலம் மன்றாடினார்; கடற்படையினர் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டு வாசல்வரை வந்தும் இறங்க முடியுமோ முடியாதோ என்று ஒரு மனிதர் தவித்ததை நாடே பார்த்தது. இந்த மூன்று சம்பவங்களிலும் மக்கள் மனதில் பதிந்தது காய்ச்சலைவிட அடைபட்டுக் கிடத்தல் என்பதே என் எண்ணம். நோய் எங்கேயும் வரக்கூடியது. சாளரம் இல்லாத அறையில், கதவுக்கு வெளியே வைக்கப்படும் உணவை எடுத்துக்கொண்டு, எந்த நாடு உள்ளே விடும் என்று தெரியாமல் நாட்களைக் கழிப்பது கப்பலுக்கே உரியது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் 2020 மார்ச் 14ஆம் திகதி கப்பல்கள் பயணிகளோடு புறப்படுவதைத் தடைசெய்தது. அந்தத் தடை பலமுறை நீடிக்கப்பட்டு, ஒக்டோபர் இறுதியில் நிபந்தனைகளுடன் கூடிய ஓர் ஆணையாக மாறியது. அந்த நிபந்தனைகளை நிறைவேற்றி, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து கட்டணம் செலுத்திய பயணிகளோடு முதலாவது பெரிய கப்பல் கிளம்பியது 2021 ஜூன் 26ஆம் திகதி, புளோரிடாவிலிருந்து. இடையில் பதினைந்து மாதங்கள் ஓடியிருந்தன. 2019இல் உலகம் முழுவதும் 29.7 மில்லியன் பேர் உல்லாசக் கப்பல்களில் சென்றிருக்க, 2021இல் அந்தத் தொகை 4.8 மில்லியனாகச் சுருங்கியிருந்தது.

இவ்வளவு வீழ்ச்சிக்குள்ளும் பயண விருப்பம் செத்துப் போகவில்லை என்பதற்கு ஒரு தடயம் அப்போதே இருந்தது. பயணம் இரத்தானவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதிலாக, செலுத்திய தொகையின் 125 வீதத்தைப் பிற்காலப் பயணம் ஒன்றுக்கான வரவாக ஏற்கும்படி சில நிறுவனங்கள் கேட்டன. கணிசமானோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். கப்பல் என்றாலே நடுங்கிய ஒருவர் கையில் வரக்கூடிய பணத்தை விட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குச் சீட்டு வாங்கி வைத்திருக்கமாட்டார். ஆகவே பிற்பாடு கண்ட பெருக்கத்தின் ஒரு பகுதி புதிதாக எழுந்த பயண விருப்பம் அன்று. 2020இலிருந்தே அணைக்கட்டுக்குப் பின்னால் தேங்கி நின்றது. மதகு எந்த அளவு திறந்தது, எப்போது திறந்தது என்பதைத்தான் விதிகள் தீர்மானித்தன.

தடை நீங்கி, கடுமையான விதிகளோடு கப்பல்கள் ஓடிய இடைக்காலம் இந்த விடயத்தில் மிகவும் படிப்பினை தருவது. 2020 ஓகஸ்டில் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து எம்.எஸ்.சி. கிராண்டியோசா கப்பல் புறப்பட்டபோது, ஏறும் முன் பரிசோதனை, கப்பலில் முகக்கவசம் ஆகியவற்றுடன், துறைமுகங்களில் கப்பல் நிறுவனம் ஒழுங்கு செய்த குழுச் சுற்றுலாவில் மாத்திரமே இறங்கலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. நேப்பிள்ஸ் பகுதியில் அந்தக் குழுவை விட்டுப் பிரிந்து சென்ற ஒரு குடும்பத்தை மீண்டும் கப்பலில் ஏற்ற நிறுவனம் மறுத்துவிட்டது. சுகாதார நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் விடுமுறைக்காகப் பணம் கட்டும் ஒருவர் அந்தச் செய்தியை எப்படி வாசித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் இன்னொன்று நடந்தது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றித் திரும்பும் பயணங்களை அந்நாடு அனுமதித்திருந்த வேளையில், குவாண்டம் ஒஃப் த சீஸ் கப்பலில் 83 வயதான பயணி ஒருவருக்குத் தொற்று இருப்பதாகப் பரிசோதனை காட்டியதால் கப்பல் இடைநடுவில் திரும்பியது, எல்லோரும் அறைகளுக்குள் இருத்தப்பட்டார்கள், பிறகு செய்த மறுபரிசோதனைகளில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. ஒரு பிழையான முடிவு ஒரு கப்பலையே திருப்பிவிடும் என்றால், நோய்க்குச் சற்றும் அஞ்சாத ஒருவரும் சீட்டு வாங்க முன்னர் இருமுறை யோசிப்பார்.

விதிகள் தனிமனிதருக்காக எழுதப்பட்டவை; கப்பலுக்கு வருகிறவர்களோ கூட்டமாக வருகிறவர்கள். இந்தப் பொருத்தமின்மைதான், என்னைக் கேட்டால், முழு விவகாரத்தின் மையம். ஒரு பேச்சுக்கு, ஏதோ ஒரு வாரத்தில் நூற்றுக்கு மூன்று பேருக்குப் பரிசோதனையில் தொற்று காட்டும் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போகிறவருக்கு அது சிறிய ஆபத்து. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் போவதாக இருந்தால், அவர்களில் ஒருவருக்கேனும் தொற்று காட்டி நால்வரின் பயணமும் கெடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டுகிறது. பாட்டன் பாட்டியின் திருமண நாளுக்காக எட்டுப்பேர் சேர்ந்து கிளம்பினால் அது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். பல மாதங்களுக்கு முன்பே விடுப்பு எடுத்து, விமானச் சீட்டும் வாங்கி, புறப்படும் நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பிள்ளையின் மூக்கில் விடும் குச்சியில் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க எந்தக் குடும்பம் துணியும்? இதனால்தான் முகக்கவச விதி நீங்கியதைவிட முன்பரிசோதனை விதி நீங்கியது முன்பதிவுகளை அதிகம் அசைத்தது என்று நினைக்கிறேன். முகக்கவசம் எரிச்சல் தரும், பயணத்தைக் கெடுக்காது.

தடுப்பூசி விதியின் கதை இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அது ஒரே நேரத்தில் ஒரு சாராரை அழைத்து மறு சாராரை விலக்கியது. 2021இல் அமெரிக்க ஆணையின்படி, பயணிகளில் 95 வீதத்தினரும் பணியாளரில் 98 வீதத்தினரும் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தால், தொண்டர்களை ஏற்றிச் செய்யவேண்டிய ஒத்திகைப் பயணத்தை நிறுவனம் தவிர்த்துக்கொள்ளலாம். வயது முதிர்ந்த, நோய்கள் உள்ள, கப்பலில் பழகிய பயணிகளுக்கு அந்த எண்கள் பெரிய ஆறுதல்; அவர்கள்தான் முதலில் திரும்பி வந்தார்கள். புளோரிடா மாநிலம் தடுப்பூசிச் சான்று கேட்பதையே சட்டத்தால் தடுத்தபோது, நோர்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் நீதிமன்றம் சென்று சான்று கேட்கும் உரிமைக்காக வாதாடி இடைக்காலத் தடை பெற்றது. விதியைத் தளர்த்துங்கள் என்று வணிகர் கேட்பதையே கேட்டுப் பழகிய நமக்கு, விதியை இறுக்க அனுமதியுங்கள் என்று ஒரு வணிகர் வழக்காடியது விநோதந்தான், ஆனாலும் அன்றைய வாடிக்கையாளர் யார் என்பதை அந்நிறுவனம் சரியாகக் கணித்திருந்தது. விலக்கப்பட்டவர்களோ சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள். அமெரிக்காவில் ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி 2021 நவம்பரில்தான் கிடைத்தது; அதற்கும் குறைந்த வயதினருக்கு 2022 ஜூனில்.

இதன் விளைவு கப்பல்களின் நிரம்பல் வீதத்தில் துல்லியமாகத் தெரிகிறது. இந்தத் தொழிலில் ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டு, அதனை நூறு வீதம் என்பார்கள். மேற்கட்டிலில் மூன்றாவது, நான்காவது ஆள் படுத்தால் கணக்கு நூறைத் தாண்டும். அந்த மூன்றாவது, நான்காவது ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளை. ஆகவே பிள்ளைகள் இல்லாமல் நூறைத் தாண்டுவது கடினம். பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான கார்னிவலின் நிரம்பல் வீதம் 2022 நிதியாண்டின் முதற் காலாண்டில், அதாவது ஒமிக்ரோன் அலை அடித்த டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான மாதங்களில், 54 ஆக இருந்தது. தடுப்பூசி போட்டிருந்தாலும் கப்பற் பயணத்தைத் தவிர்க்கும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் 2021 டிசம்பர் 30ஆம் திகதி வெளியிட்ட எச்சரிக்கை அப்போது நடைமுறையில் இருந்தது. எச்சரிக்கை படிப்படியாகத் தணிந்து மார்ச் 30ஆம் திகதி முற்றாக விலக்கப்பட்டது. அடுத்த காலாண்டில் 69 வீதம். வெளிநாட்டிலிருந்து அமெரிக்கா திரும்பும் விமானப் பயணிகளுக்கான பரிசோதனை ஜூன் 12ஆம் திகதி நீங்கியது. கப்பல்களுக்கான கொவிட் திட்டத்தை அந்த மையம் ஜூலை 18ஆம் திகதி முடித்துக்கொண்டது. கோடைக் காலாண்டில் 84 வீதம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் கார்னிவல் தன் தடுப்பூசி, பரிசோதனை விதிகளைப் பெரும்பாலும் கைவிடுவதாக அறிவித்ததும், அடுத்து வந்த திங்கட்கிழமை, அதாவது 15ஆம் திகதி, கிடைத்த முன்பதிவுகள் 2019இன் அதே நாளைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று நிறுவனமே சொல்லியது. 2023 கோடையில் நிரம்பல் 109 வீதத்தைத் தொட்டது. 54 இலிருந்து 84 வரை ஏறியது பெரியவர்களின் துணிவு என்று ஒருவர் வாதாடலாம். நூறுக்கு மேல் ஏறியது பிள்ளைகளின் மேற்கட்டில்.

இந்த ஏற்றம் முழுவதையும் விதிகளின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. கோடை என்பது எந்த ஆண்டிலும் கப்பல் நிரம்பும் காலம். 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கார்னிவல் முறையே 10.2, 9.5, 6.1 பில்லியன் டொலர் நட்டம் அடைந்திருந்தது. கடன் மலைபோலக் குவிந்த நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தேனும் அறைகளை நிரப்ப வேண்டிய நிலையில் இருந்தன. ஆகவே ஓகஸ்ட் 15ஆம் திகதிக் கதையை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: ஆசையை வளர்த்தவை மலிவான கட்டணமும் சேமித்த பணமும், வீட்டுக்குள் கழித்த இரண்டு ஆண்டுகளும். சீட்டு எழுதும் நாளைக் குறித்தது விதி. அதே ஆண்டு ஒக்டோபரில் ரோயல் கரீபியன் நிறுவனம் ஐகன் ஒஃப் த சீஸ் கப்பலுக்கு முன்பதிவைத் திறந்தபோது, தன் வரலாற்றிலேயே ஒரே நாளில் அதிக முன்பதிவு கிடைத்தது அன்றுதான் என்று சொன்னது. 2024 ஜனவரியில் ஓடப்போகும் கப்பலுக்கு பதினைந்து மாதங்களுக்கு முன்னால் பணம் கட்டுகிறவர், இடையில் விதி மாறி ஏமாறப்போவதில்லை என்று நம்பியவராகத்தானே இருக்க வேண்டும்?

விதி தளர்ந்ததால் வராமல் நின்றவர்களும் உண்டு. அவர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள், சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள், எழுபது எண்பது வயதில் மூச்சுத் தொல்லையோடு இருப்பவர்கள் ஆகியோருக்குத் தடுப்பூசி போட்ட கூட்டத்தின் நடுவில் இருப்பதே பாதுகாப்பாக இருந்தது. அந்த ஏற்பாடு போனதும் அவர்களிற் சிலர் சத்தமில்லாமல் விலகினார்கள். ஒரு முதியவர் விலக, நால்வர் கொண்ட குடும்பம் ஏறினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். மலையில் எங்களுக்கு அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது: தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியில் அரைமணி நேரம் நின்று கேள்வி கேட்கும் பயணிகள் குறைந்து, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்தவுடன் திரும்பிவிட விரும்பும் பயணிகள் கூடியிருக்கிறார்கள். எனக்கு முன்னவர்களைத்தான் பிடிக்கும், அது வேறு விடயம்.

இலங்கைக்கு வருவோம். 2018இல் 2.33 மில்லியன் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்த 2019இல் 1.91 மில்லியன் பேரும், 2020இல் சுமார் ஐந்து இலட்சம் பேரும், 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவானவர்களும் வந்தார்கள். 2021 ஜனவரி 21ஆம் திகதி விமான நிலையம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அனுமதி பெற்ற விடுதிகளில் மாத்திரம் தங்கி, அனுமதித்த இடங்களுக்குக் குழுவாகச் சென்று திரும்பும் குமிழி முறை நடைமுறையில் இருந்தது. அந்த நாட்களில் எல்லவில் ஓட்டோ வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம், “பஸ்ஸு மட்டும் போவுது அண்ணே, ஆளு ஒருத்தரும் எறங்கலியே” என்று சொன்னது, அரசாங்க அறிக்கைகள் பக்கம் பக்கமாகச் சொல்லாததைச் சொன்னது. பயணிகள் வந்ததாகக் கணக்கில் இருந்தது. கித்துள் பாணி விற்கும் அக்காவுக்கும், சோளம் அவித்து விற்கிறவருக்கும், ஓட்டோத் தம்பிக்கும் அந்தப் பயணி வராதவரே.

2022 மார்ச் முதலாம் திகதி முதல், முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்களுக்குப் புறப்படும் முன்னரான பீ.சி.ஆர். பரிசோதனை தேவையில்லை என்று இலங்கை அறிவித்தது. அந்த மாதம் வந்தவர்கள் 106,500 பேர். அந்த ஆண்டின் உச்சம் அதுதான். விதி தளர்ந்தால் கூட்டம் வரும் என்பவர்கள் அந்த மார்ச்சை மாத்திரம் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மே மாதத்தில் எண்ணிக்கை சுமார் 30,000 ஆக விழுந்தது. சுகாதார விதி ஒன்றும் இறுகியிருக்கவில்லை. எரிபொருள் வரிசைகளும் மின்வெட்டும் போராட்டங்களும் வெளிநாடுகளின் பயண எச்சரிக்கைகளும் வந்திருந்தன. பெற்றோலுக்காக இரவில் வாகனத்திலேயே படுத்துறங்கிய சாரதியிடம், கப்பலில் முகக்கவசம் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி என்ன பயன்? தடுப்பூசிச் சான்றிதழ் காட்டும் விதியையும் நாடு அந்த ஆண்டு டிசம்பரில் நீக்கியது. 2022–23 பருவத்தில் வைக்கிங் மார்ஸ், மைன் ஷிப் 5 போன்ற கப்பல்கள் நம் துறைமுகங்களுக்கு வந்ததற்கு, அந்த நீக்கத்தோடு எரிபொருள் வரிசைகள் கலைந்ததும் சேர்ந்தே காரணம்.

கப்பல் வந்தால் மலைக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. காலையில் கட்டி மாலையில் அவிழும் கப்பலுக்கு இடையில் எட்டு முதல் பத்து மணித்தியாலங்கள் இருக்கும். கொழும்பிலிருந்து கண்டிக்கு 115 கிலோமீற்றர். பின்னவலையில் யானைகளைப் பார்த்து, தலதா மாளிகைக்குப் போய், மாலைக்குள் திரும்பிவிடலாம். நுவரெலியா அந்தக் கணக்குக்குள் வராது. றம்பொடை வளைவுகளில் ஒரு லொறி பழுதாகி நின்றாலே கப்பல் போய்விடும். அம்பாந்தோட்டையில் இறங்குகிறவருக்கு வெல்லவாய வழியாக எல்ல வரை ஏறுவது கைக்கெட்டிய தூரம், ஆனாலும் அங்கேயும் யால சரணாலயம் மலைக்குப் போட்டியாக நிற்கிறது. அப்புத்தளை விளிம்பிலிருந்து வானம் தெளிந்த நாளில் தெற்குக் கரையோரம் தெரியும். அந்தக் கரையில் நிற்கும் கப்பலின் பயணிகளிற் பெரும்பாலானோர் அப்புத்தளை என்ற பெயரையே கேட்காமல் திரும்புகிறார்கள்.

ஆகவே எங்களைப் பொறுத்தவரை, கப்பலுக்குள் நீங்கிய விதிகளைவிடக் கரையில் நீங்கிய விதிகளுக்கே பெறுமதி அதிகம். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் மாத்திரமே இறங்கலாம் என்ற நிலை உலகெங்கும் தளர்ந்தபோதுதான், இணையத்தில் தாமாகவே வானும் வழிகாட்டியும் பேசிக்கொண்டு வரும் பயணி மீண்டும் தோன்றினார். நிறுவனத்தின் பேருந்தில் வருகிறவர் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்த உணவகத்தில் சாப்பிட்டு, ஒப்பந்தம் செய்த கடையில் தேயிலை வாங்குவார். வானில் வருகிறவர் வழியில் நிறுத்தச் சொல்வார், ரொட்டிக் கடையில் தேநீர் குடிப்பார், கொழுந்து பறிக்கும் பெண்களோடு பேச ஆசைப்படுவார். அந்தப் பெண்களின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் என்றும், 2024இல் 1,350 ரூபாய் என்றும் வர்த்தமானியில் நிர்ணயமாயிற்று. கப்பலில் ஒருவர் அரைநாள் கரைச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் தொகையை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. படம் எடுக்கும் பயணியிடம் அந்தப் பெண்கள் பணம் கேட்டால் முகம் சுளிக்கும் வழிகாட்டிகளை நான் அடுத்த முறை கூப்பிடுவதில்லை.

சென்னைக் கப்பலையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் வாசகர் பலருக்கு உல்லாசக் கப்பல் என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். ரோயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்த எம்பிரஸ் ஒஃப் த சீஸ், 1990இல் கட்டப்பட்ட சிறிய கப்பல். தொழில் முடங்கிக் கிடந்த 2020 டிசம்பரில் அதை விற்பதாக நிறுவனம் அறிவித்தது; பிறகு அது கோர்டேலியா என்ற இந்திய நிறுவனத்தின் கப்பலாகி, 2021 செப்டெம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் அது சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்தபோது, காங்கேசன்துறையில் பெரும் வரவேற்பு நடந்தது. பெருந்தொற்று விதிகள் ஒரு கப்பலை அமெரிக்கக் கரையில் பயனற்றதாக்கி, அதே விதிகளின் தளர்வு அதனைத் தமிழ் பேசும் இரு கரைகளுக்கு இடையே ஓடவைத்தது. யாழ்ப்பாணத்துக்கு அதனால் நன்மை உண்டு. மலையகத்துக்கு அநேகமாக இல்லை; திருகோணமலையில் இறங்கி அன்றைக்கே கண்டி போய்த் திரும்புவதென்றால் நாளெல்லாம் வாகனத்தில்தான்.

மலையகத்தின் பங்கு கப்பலுக்கு உள்ளேயும் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து விருந்தோம்பல் பயிற்சி பெற்று, நுவரெலியாவிலும் கொழும்பிலும் சில ஆண்டுகள் பரிசாரகராக வேலை பார்த்து, பிறகு கப்பலுக்கு ஏறும் இளைஞர்கள் அட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் இருக்கிறார்கள். பயணிகளுக்கான விதிகள் தளர்ந்த வேகத்தில் பணியாளருக்கான விதிகள் தளரவில்லை. 2020இல் உலகம் முழுவதும் பல்லாயிரம் பணியாளர்கள் பயணிகள் இல்லாத கப்பல்களில் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். கப்பல்கள் மீண்டும் ஓடியபோதும் கரையில் இறங்கும் அனுமதி அவர்களுக்குப் பயணிகளுக்குப் பிறகே வந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் திரும்பிப் போகாதவர்கள் பலர். விதிகள் தளர்ந்து முன்பதிவு பெருகிய 2022இன் பிற்பகுதியில், யோக்கோஹாமாவில் பெயர் கெட்ட அதே டயமண்ட் பிரின்சஸ், ஆட்பற்றாக்குறை காரணமாகச் சில பயணங்களை இரத்துச் செய்ய நேர்ந்தது. பயணி தயாராக இருந்தும் அறையைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாத நிலை, பயணிகளின் வரவை விதிகளால் மாத்திரம் விளக்குகிறவர்களின் கணக்கில் வராத ஒன்று.

உலகளவில் 2022இல் 20.4 மில்லியன், 2023இல் 31.7 மில்லியன், 2024இல் 34.6 மில்லியன் என்று எண்ணிக்கை ஏறிய அதே வேளையில், எங்கள் பக்கத்து நிலைமை வேறொரு காரணத்தால் ஆட்டம் கண்டது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே சூயஸ் கால்வாய் வழியாக ஓடவிருந்த பயணங்களைப் பல நிறுவனங்கள் இரத்துச் செய்தன அல்லது ஆபிரிக்காவைச் சுற்றித் திருப்பின. அந்தப் பாதையில்தான் கொழும்பு ஓர் இயல்பான தரிப்பிடம். பரிசோதனையோ சான்றிதழோ அப்போது தடையாக இருக்கவில்லை. கப்பல் வரும் வழிதான் அடைபட்டிருந்தது.

ஆகவே அடுத்த நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பருவத்துக்காக நான் பார்ப்பது சுகாதார அறிவித்தல்களை அன்று. அவை இப்போது யாருடைய முன்பதிவையும் அசைப்பதில்லை. கப்பல் அட்டவணையில் அம்பாந்தோட்டைக்கு நேரே எழுதியிருக்கும் வருகை நேரத்தையும் புறப்பாட்டு நேரத்தையுமே பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகும் கப்பல் என்றால் யாலவுக்கு ஜீப் பேசுகிறவர்களுக்கு நல்ல நாள். ஆறு மணிக்கு வந்து இரவு எட்டு மணிவரை நிற்கும் கப்பல் என்றால், எல்லவில் மதியச் சாப்பாடும், தெமோதரை வரை ஒரு ரயில் பயணமும், பண்டாரவளைத் தொழிற்சாலை ஒன்றில் தேநீரும் சாத்தியம். அந்தக் கூடுதல் மணித்தியாலங்களைக் கேட்டு நிறுவனங்களோடு பேச வேண்டியவர்கள் துறைமுகத்திலும் சுற்றுலாத் துறையிலும் இருக்கிறார்கள். கேட்டிருக்கிறார்களா என்று எங்கள் வான் சாரதிகள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.